தட்டில் இருந்த கை

என் வீட்டுக்காரரை அவருடைய அலுவலகத்தில் எல்லோரும் 'மில்லிகிராம்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அல்ல, முதுகுக்குப் பின்னால். முப்பத்தாறு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்த மனிதர். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், இல்லையென்றால் கடைக்காரர் கெஞ்சக் கெஞ்சத் தராசைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பித்தளை எடைக்கற்களை வெல்வெட் துணி வைத்த பெட்டியில் வைத்திருப்பார். அவற்றை இடுக்கியால்தான் எடுப்பார், கையால் தொடமாட்டார். விரலில் இருக்கிற வியர்வைக்கும் எடை உண்டாம். கல்யாணமான புதிதில், பளபளவென்று இருக்கிறதே என்று ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொய் அவருக்கு வராது. விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் சாப்பாடு எப்படி என்று ஒரு மரியாதைக்குக் கேட்டால், உப்பு கம்மி என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாப்பிடுவார். நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு நின்றால், நிறம் எடுக்கவில்லை என்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த வாயை நம்பி நான் கண்ணை மூடிக்கொண்டு வாழ்ந்தேன்.

அவருடைய சோதனைக்கு ஒரு முறை உண்டு. முதலில் வெறுந்தட்டு. ஒன்றுமே வைக்காதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அடுத்து நான்கு மூலை, அதாவது எடையைத் தட்டின் எந்த மூலையில் வைத்தாலும் ஒரே கணக்குக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், கடைக்குள் நுழைந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை வணக்கம் இல்லை. "கையை எடுங்க" என்பதுதான். கடைக்காரர்களுக்குத் தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டே பேசுகிற பழக்கம் இருக்கிறதாம். பாதிப்பேருக்கு அது விரல் அங்கே இருப்பதே தெரியாத பழக்கம் என்பார்.

முப்பத்தாறு வருடத்தில் பதினோரு ஊர். மாற்றல் உத்தரவு வரும், சாப்பிடும்போது சொல்வார், நான் மூட்டை கட்டுவேன். என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருக்கும்போது கல்யாணம் செய்து வைத்தார்கள். படிப்பை அப்புறம் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஊர் மாறும்போதெல்லாம் அந்த ஊரிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வருவேன். ஆற்றங்கரையிலோ, ரோட்டோரத்திலோ, கண்ணுக்குப் பட்ட கல். சிவப்பாக ஒன்று, அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக ஒன்று, உள்ளே மினுக்குகிற ஒன்று. பதினொன்றும் சன்னல் ஓரத்தில் வரிசையாக இருக்கும். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொன்றையும் எடை போட்டு, அடியில் சின்னக் காகிதம் ஒட்டி எழுதி வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு கிராம். இருநூற்று ஐந்து கிராம். அது எத்தனை கிராம் என்று அவருக்குத் தெரியும். அது என்ன கல் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது, அரசு வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற பேச்சு வந்தது. மகனிடம் கேட்டோம். அவன் தூர தேசத்திலிருந்துகொண்டு, நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டான். அப்போதுதான் என் நாத்தனார், இவருடைய தங்கை, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்றாள். அவள் இருப்பது கல்லூரி ஊர். பெரிய கல்லூரி ஒன்று, அதைச் சுற்றித்தான் ஊரே. கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அவள் வீட்டுக்குக் கீழே இரண்டு அறையும் சமையலறையுமாக ஒரு பகுதி காலியாக இருந்தது.

இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். தெருவுக்கு நாலு நகலெடுக்கும் கடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சைக்கிள். டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் யாரோ ஒரு பேராசிரியரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. நாத்தனார் என்னைக் கல்லூரிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். நிலவியல் துறை வராந்தாவில் கண்ணாடி அலமாரி. அலமாரி முழுக்கக் கல். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், கிடைத்த இடம், வயது. எத்தனை கிராம் என்று எங்கேயும் இல்லை. மூன்றாவது தட்டில், என் சன்னலில் இருக்கும் அந்த அடுக்குக்கல் உட்கார்ந்திருந்தது.

ஐம்பத்தைந்து வயது தாண்டினவர்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து கேட்கலாம், பரீட்சை எழுத வேண்டாம் என்றாள் நாத்தனார். ஒரு துறைக்குப் பன்னிரண்டு பேர்தான் எடுப்பார்களாம், ஜூன் பதினைந்தாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும், ஊரில் குடியிருக்கவும் வேண்டும். எனக்கு ஐம்பத்தாறு. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். வாயைத் திறந்தால் ஆசை வெளியே கொட்டிவிடும் போல இருந்தது. வீட்டுக்கு வந்துதான் சொன்னேன், எனக்கு அங்கே போக வேண்டும் என்று. கல்யாணமாகி நான் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

மில்லிகிராம் சும்மா தலையாட்டுமா? கூட்டமாக இருக்கும்போது பார்த்தால் போதாது, விடுமுறையில் வெறுந்தட்டாகப் பார்க்க வேண்டும் என்றார். நியாயம்தான். விடுமுறை வந்தபோது எனக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் மட்டும் போய் நாலு நாள் இருந்துவிட்டு, நோட்டோடு வந்தார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்தார். விடுமுறையில் கடைகள் பாதிக்குமேல் மூடல். பஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. மருந்துக்கடை மதியம் ஒரு மணியோடு சரி. ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்து நடை, இருபத்தெட்டு நிமிடம். முழங்கால் தேய்ந்த இரண்டு பேர், வருடத்தில் நாலு மாதம் காலியாகக் கிடக்கிற ஊரில், அவசரத்துக்கு அரை மணி நேரம் நடக்க முடியாது. நோட்டை மூடி, "தேறாது" என்றார்.

தேறாது என்றால் தேறாதுதான். அவர் சொன்னால் அது முத்திரை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அது வேறு பயம். ஒரு கண்ணால் அழுவது எப்படி என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

பத்தாம் தேதி நாத்தனார் போன் செய்தாள். பெயர் கொடுக்கவில்லையா, இன்னும் மூன்று இடம்தான் இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி தூரமாமே, இருபத்தெட்டு நிமிடமாமே என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"யார் சொன்னது அண்ணி? கல்லூரி வழியா போனா பதினோரு நிமிஷம். அந்தக் கேட்டை பூட்டறதே கிடையாது. அண்ணன் மைதானத்தை சுத்திகிட்டுப் போனாரு. இந்தப் பக்கம் கிட்டன்னு நான் சொல்றேன், பரவாயில்ல, நான் இப்படியே போறேன்னாரு."

போனை வைத்தேன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. எத்தனை கடைக்காரர்களை அழவைத்த மனிதர்! கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் கத்தினால் அவர் நோட்டை நீட்டுவார். நடந்தது இருபத்தெட்டு நிமிடம், எழுதியது இருபத்தெட்டு நிமிடம், இதில் பொய் எங்கே என்பார். அவர் பாஷையிலேயே பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தார். பரணிலிருந்து அவருடைய பழைய மேசைத் தராசை இறக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். அந்த அடுக்குக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தேன். அடியில் ஒட்டியிருந்தது நானூற்றுப் பன்னிரண்டு. தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்திக்கொண்டு, எவ்வளவு காட்டுகிறது, படித்துச் சொல்லுங்கள் என்றேன். முள் ஐந்நூறைத் தாண்டியிருந்தது.

அவர் முள்ளைப் பார்க்கவே இல்லை. "கையை எடு" என்றார்.

"நீங்க முதல்ல எடுங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. டீ டம்ளரைக் கீழே வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது. நோட்டை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. தங்கச்சி போன் பண்ணினாளா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"காலையில ஒம்பது மணிக்கு நீ கிளம்பிடுவ. சாயங்காலம்தான் வருவ. எனக்கு ஆபீசும் இல்ல. தெரிஞ்ச முகம் இல்ல. அந்த நாலு நாள் தங்கச்சி வேலைக்குப் போனப்புறம் தனியா அந்த வீட்டுல இருந்து பார்த்தேன். பகல் போகவே மாட்டேங்குது. நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. பாவமாக இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியில் முப்பத்தாறு வருடம் படுத்துக்கிடந்தது, அது எழுந்துவிட்டது.

"பதினோரு ஊருங்க. எட்டு மணிக்கு நீங்க போவீங்க. எந்த ஊருல எனக்குத் தெரிஞ்ச முகம் இருந்துச்சு? நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். பொய் வராத மனிதர் அல்லவா. அப்புறம் மெதுவாக, "என்ன பண்ணின?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அந்த மேசையில் வந்து விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னென்னவோ செய்தேன். பையனை வளர்த்தேன், துவைத்தேன், சமைத்தேன், கல் பொறுக்கினேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அஞ்சு மணியிலேர்ந்து உங்க பஸ் வருதான்னு பார்த்துகிட்டு இருந்தேன்."

அவருக்கு வேலை முடிவது ஐந்து மணிக்கு. வீட்டுக்கு வருவது ஏழாகலாம், எட்டாகலாம். எந்த ஊரிலும், எந்த வீட்டிலும், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் இரண்டே வார்த்தை. "வேலை இருந்தது." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

எழுந்து போய் நோட்டைக் கொண்டுவந்தார். ஆய்வுக் குறிப்பில் எதையும் அடித்து மறைக்கக்கூடாது என்பது அவர்கள் துறை விதி. தப்பு என்னவென்று படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தெட்டுக்கு மேல் கோடு போட்டார். பதினொன்று என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். அப்புறம் நோட்டை என் பக்கம் திருப்பினார். கடைகளில் தராசின் சொந்தக்காரரும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அதற்கும் ஒரு இடம் உண்டு. அந்த இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினார். பதினோரு மாற்றலில் ஒன்றுக்கும் என் கையெழுத்து தேவைப்பட்டதில்லை. போட்டேன், எழுத்து கோணிக்கொண்டுதான் விழுந்தது.

பதினான்காம் தேதி பெயர் கொடுத்தோம்.

ஊர் நல்ல ஊரா என்று கேட்டால், இன்னும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் எழுதியதில் மீதி அத்தனையும் உண்மை. மருந்துக்கடை ஒரு மணிக்கு மூடிவிடுகிறது. விடுமுறை வந்தால் தெரு ஓவென்று கிடக்கிறது, நாய்கள்கூட எங்கேயோ போய்விடுகின்றன. மற்ற நாளில் எதிர்வீட்டு மாடியில் தங்கிப் படிக்கிற பையன்கள் போடும் பாட்டில் சன்னல் அதிர்கிறது. இவர் முதல் மாதம் முழுக்க வீட்டுக்குள் நடந்தார். இரண்டாம் மாதம் காய்கறிக் கடைக்காரரிடம் கையை எடுங்கள் என்று சொல்லிச் சண்டை வாங்கினார். இப்போது அதே கடையில் பகலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். என் சன்னல் கற்களில் ஏழுக்குப் பெயர் தெரிந்துவிட்டது. கிராமுக்குப் பக்கத்திலேயே பெயரை எழுதி ஒட்டுவது அவர்தான்.

போன வாரம் வகுப்பு முடிந்து, ஆசிரியர் அலமாரியைத் திறந்து காட்டினார். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நாலரைக்கு வர வேண்டியவள் ஆறு மணிக்கு வந்தேன். தெருமுனையிலிருந்தே தெரிந்தது, இவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் உள்ளே வருவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"வேலை இருந்தது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கி வைத்துவிட்டு, ஆறிப்போன டீயைச் சூடு பண்ணச் சமையலறைக்குப் போனார்.