துரை வீட்டுக் கோழி முட்டை

இன்னிக்கு ஆவடியில பஸ்ஸுக்கு நிக்கிறேன். "இன்னா மச்சான், உசிரோட கீறியா"ன்னு முதுகுல ஒரு அடி. திரும்பினா துரை.

தொண்ணூறுகள்ல ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டுக்காரன். மாடும் கோழியும் வச்சிருந்தான். நான் பின்பக்கம் கத்தரி வச்சப்ப, கேக்காமலே கூடை கூடையா எரு கொண்டாந்து கொட்டினவன்.

அந்த வருஷம் செடியெல்லாம் நின்ன வாக்குல வாடிச்சு. பிடுங்கினா வேரே இல்லை. மண்ணுக்குள்ள வெள்ளை வெள்ளையா வேர்ப்புழு சுருண்டு கெடந்துச்சு. வேப்பம் புண்ணாக்கு போட்டும் அடங்கலை.

ஷிஃப்ட் முடிஞ்சதும் துரைதான் வந்து என்கூட மண்ணைக் கிளறிப் புழு பொறுக்குவான். வாளியோட அவனே எடுத்துக்கினு போவான், கோழிக்குப் போட. "தங்கமான மனுஷன்"னு என் சம்சாரம் குவார்ட்டர்ஸ் பூரா சொல்லுச்சு.

பஸ்ல இன்னிக்கு அந்தப் பேச்சு வந்துச்சு. சிரிச்சிக்கினே சொல்றான்.

"அது மக்காத எருப்பா. புழு கீதுன்னு தெரியும். என் தோட்டத்துல போட்டா என் வெண்டைக்காய் போயிடும்ல? அதான் உன் பக்கம் கொட்டினேன். கோழிங்க இன்னா கொழுத்துச்சு தெரியுமா."

பூந்தமல்லி வர்ற வரைக்கும் நான் பழைய முட்டைக் கணக்கைப் போட்டுக்கிட்டே வந்தேன்.

அப்பல்லாம் வாரா வாரம் முட்டை குடுப்பான். கும்புடாத குறையா வாங்குவோம். என் கத்தரி வேரைத்தான் அவிச்சுத் தின்னிருக்கோம்.

இன்னமும் கோழி வளக்கிறானாம். ஞாயித்துக்கிழமை முட்டையோட வீட்டுக்கு வரானாம்.

நீங்களா இருந்தா வாங்குவீங்களா?