ஓராள் அகலத்தில் ஒரு வீடு

வேன்காரம்மாவின் கணவருக்குத் தெருவில் இஞ்சினியர் என்று பெயர். படித்து வாங்கியதல்ல. மின்சார அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு நகர்த்தியவர், ஓய்வு பெற்ற கையோடு வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் பார்த்தார். மிக்ஸி நின்றுபோனது, பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்ததாக, காரின் பின்னால் கோத்து இழுத்துப் போகிற மாதிரி படுக்கை, அடுப்பு, ஜன்னல் எல்லாம் வைத்து ஒரு குட்டி வீடு கட்டும் ஆசை வந்தது. போனில் பார்த்த வீடியோவில் எவனோ ஒருவன் அப்படிக் கட்டிக் காட்டியிருந்தான். அவன் வேலையை ஒரு பாட்டு முடிவதற்குள் முடித்துவிட்டான். இஞ்சினியருக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. "சார் சின்ன வீடு கட்டறாராமே" என்று பக்கத்து வீட்டுக்காரர் நமுட்டுச் சிரிப்போடு கேட்டபோது, "ஆமா, செலவும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் ஆகுது" என்று வேன்காரம்மா பதில் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே தெரு, அதே திருப்பம், அதே கேட். ஒரு தடவையாவது அந்தக் கேட்டோடு நின்றுவிடாத ஒரு சாலையில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதனால்தான் அவர், "முடிஞ்சதும் நாம ஊர் ஊரா போலாம்" என்று சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாயிலிருந்து 'நாம' வருவது லேசுப்பட்ட சங்கதியா? அளவெடுக்கிற டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பிடித்தாள். வேனை நிறுத்திவிட்டு வந்த அலுப்போடு தினமும் பிடித்தாள். வெல்டர் வந்து இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்தார். அதன்மேல் பிளைவுட் ஏறியது, பிளைவுட்டின்மேல் தகரம் ஏறியது. எடை பின்பக்கம் சாய்ந்தால் வண்டி வாலாட்டும் என்று அவள்தான் எடுத்துச் சொன்னாள். "எனக்குத் தெரியாதா" என்று முறைத்துவிட்டு, மறுநாள் தண்ணீர்த் தொட்டியைச் சத்தமில்லாமல் முன்னுக்கு நகர்த்தினார். வீட்டுக் காரையும் அவள்தான் ஓட்டுவாள், இஞ்சினியருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒருமுறை கற்றுக்கொள்ளப் போய், எதிர்வீட்டுச் சுவரோடு அறிமுகமாகித் திரும்பியவர். அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். படுத்தபடியே வெளியே பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும்.

வேலை முடிந்ததும் மகள் பார்க்க வந்தாள். குனிந்து உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தலையை நீட்டினாள்.

"அப்பா, படுக்கை ஒரு ஆளுக்குத்தான் இருக்கு. அம்மா எங்க படுப்பாங்க?"

"அந்தப் பக்கம் டூல்ஸ் அலமாரிம்மா. நடுவழில ரிப்பேர் வந்தா என்ன பண்றது?"

"அது சரி, அம்மா?"

"கார் சீட்டைச் சாய்ச்சிக்கலாம். உங்கம்மாவுக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வந்துடும்" என்றார், ஏதோ பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறவர் போல.

வேன்காரம்மா வீட்டுக்குள் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். ஒரு வருடமாக மூலை முடுக்கெல்லாம் அளந்த மனுஷன், கூடவே நின்றவளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவள் கேட்ட ஜன்னலும் இருந்தது, அவர் தலையணைக்கு நேராக.

பள்ளி விடுமுறை வந்தது. கிளம்பும் அன்று காலையில் அவளே காரைப் பின்னெடுத்து, கொக்கியை மாட்டி, சங்கிலியைக் கோத்து, பின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். இஞ்சினியர் புதுத் தொப்பியும் பையுமாக வந்து நின்றார்.

"என் பையை எங்க வைக்க?"

"வீட்டுலயே வைங்க. ஒரு ஆளுக்குத்தானே இடம். நான் போயிட்டு வரேன்."

"என்ன விளையாடறியா? நான் கட்டினது இது."

"யாரு இல்லன்னு சொன்னா? நீங்களே ஓட்டிட்டுப் போங்க" என்று சாவியை நீட்டினாள்.

அவர் சாவியைப் பார்த்தார், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தார். கை நீளவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். தெருமுனை தாண்டும்போது அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஏரி பரந்து கிடந்தது. யாருக்கும் ஹாரன் அடிக்க வேண்டியதில்லை. அவள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"மேல ஒழுகுதா?" என்றார் இஞ்சினியர்.

"இல்ல. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க."

மனதாரத்தான் சொன்னாள். ராத்திரி பெய்த மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

"வீட்டுல இருக்கவே பிடிக்கல. நான் வேணா பஸ் புடிச்சு அங்க வரட்டுமா?" என்று கேட்டார்.

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. 'அங்க பாருங்க' என்று ஏரியைக் காட்ட ஆளில்லாதது அவளுக்கும் குறையாகவே இருந்தது. பொய் சொல்வானேன்?

"வாங்க" என்றாள். "சாயங்காலம் திரும்பறதுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."