நான் சுருக்கிய ஏரிப் பாடம்

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், திங்கட்கிழமை ஏரிப் பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் வகுப்பில் சொல்ல வேண்டும். சென்ற முறை வேறொரு பாடத்தைச் சொல்லும்போது பாதியில் அழுதுவிட்டாள். புத்தகத்து வாக்கியங்களின் நீளம்தான் காரணம் என்று நினைத்து, ஒரு தாளில் பாடம் முழுவதையும் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகும் பேருந்தில் அதைப் படிக்கச் சொன்னேன்.

"மழை பெய்யவில்லை. ஏரி வற்றியது. கொக்குகள் பறந்து போயின. மீன்கள் இறந்தன."

தடங்கலே இல்லாமல் படித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"கொக்கு எதுக்கும்மா போச்சு?"

"அதுலயே இருக்கு பாரு."

"இல்லம்மா. கொக்கு போனதாலதான் மீனு செத்துச்சா?"

பின்சீட்டில் இருந்த பெண் சிரித்துவிட்டார். "பாப்பா உங்களையே பெயிலாக்கிடும் போல கீதுங்க!"

மகள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஏரி வற்றி மீன்கள் இறந்ததால், இரை கிடைக்காத கொக்குகள் பறந்து போயின என்ற நீண்ட வாக்கியத்தை விரல் வைத்து மெல்லப் படித்தாள்.

"இதுல ஏன்னு சொல்லிக்கினே போறாங்கம்மா. இதான் ஈஸி."

நீளத்தைக் குறைக்கிறேன் என்று காரணங்களையும் சேர்த்து வெட்டியிருந்தேன். அதை அவள் கண்டுபிடித்த விதத்தை இன்றும் வியக்கிறேன். ஆனாலும் பயம் விடவில்லை. திங்கட்கிழமை பள்ளி விடுவதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன்.

"முழுசா சொன்னேம்மா. நடுவுல கொஞ்சம் மறந்துட்டேன். கொக்கு ஏன் போச்சுன்னு யோசிச்சேன், எல்லாம் வந்துடுச்சு."