மேலே நிற்க வேண்டிய ஒன்று

மகளும் நானும் பதினோராம் வகுப்புச் சாதாரண தரச் சோதனையை ஒரே வருடம்தான் எழுதினோம். அவளுக்கு ஒன்பது பாடம், முதல் தடவை. எனக்குக் கணிதம் மட்டும், மூன்றாவது தடவை.

கரவெட்டியில் ஒரு சிறிய நூலகத்தில் தற்காலிகமாக வேலை செய்துகொண்டிருந்தேன். நிரந்தர நியமனம் வேண்டுமென்றால் கணிதத்தில் தேறிச் சித்தி காட்ட வேண்டும். இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டிருந்தேன். இந்த முறையும் தவறினால் என் கதிரையில் வேறு ஆளை இருத்துவோம் என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவல் புத்தகங்களில் திகதி முத்திரையைத் தலைகீழாகக் குத்திக்கொண்டிருந்தேன்.

என்னை விழுத்துவது எப்போதும் அட்சரகணிதப் பின்னம்தான். மேலே ஒரு x, கீழே ஒரு x கண்டால் என் கை சும்மா இருக்காது, இரண்டையும் வெட்டிவிடும். பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். பின்னேரங்களில் குசினி மேசையில் மகள் என் கொப்பியைத் திருத்துவாள்.

“அம்மா, கூட்டலுக்கை இருக்கிறதை வெட்டக்கூடாதெண்டு எத்தினை தரம் சொல்லுறது? முதல்லை காரணிப்படுத்துங்கோ. பிறகு கீழை பொதுப் பகுதி எடுங்கோ. கடைசியிலைதான் வெட்டுறது.”

“ஓம், ஓம், விளங்குது.”

விளங்கியிருக்காது. அது அவளுக்கும் தெரியும். தன் படிப்பை விட்டுவிட்டு எனக்குச் சொல்லித்தருகிறாளே என்று மனம் குத்தும். குத்தினால் எனக்குக் கோபம்தான் வரும், அவள்மேலேயே எரிந்து விழுவேன். ஒருநாள் ஒரு கணக்கில் மேலே இருந்ததெல்லாம் வெட்டுப்பட்டுப் போனது. அப்பாடா என்று, கீழே மிஞ்சியதை மட்டும் விடையாக எழுதினேன்.

“மேலை எல்லாம் வெட்டுப்பட்டாலும் ஒண்டு நிக்கும், அம்மா. அதை மறந்தியளெண்டால் பின்னமே தலைகீழாப் போயிடும்.”

சொன்னது போதாதென்று அதைச் சிவப்பு எழுத்தில் ஒரு கடதாசியில் எழுதி, பிரிட்ஜ் கதவிலும் ஒட்டிவிட்டாள்.

பாடசாலை வழியாக எழுதாத என்னைப் போன்ற தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு அதே தாள், வேறு மண்டபம். நான் சேலையோடு உள்ளே நுழைந்ததும் முன்வரிசையில் இருந்த பெண்ணொருத்தி எழுந்து, “குட் மோர்னிங் ரீச்சர்” என்றாள். நான் அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

முதல் தாளின் நடுவில் அது இருந்தது. சுருக்குக: 1/(x−3) − 6/(x²−9). கை வெட்டப் பாய்ந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. x²−9 ஐ (x−3)(x+3) என்று பிரித்தேன். அதுதான் பொதுப் பகுதி. முதல் பின்னத்தின் மேலே x+3 வந்தது. அதில் ஆறைக் கழித்தால் x−3. மேலும் கீழும் x−3. இனி வெட்டலாம், வெட்டினேன். மேலே ஒன்றுமில்லை. பிரிட்ஜ் கதவு ஞாபகம் வந்தது. மேலே 1 போட்டு, கீழே x+3 எழுதினேன். மூன்று தரம் சரிபார்த்தேன். முதல் தடவையாக ஒரு பின்னம் எனக்கு அடங்கியது. மகளிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில், வீட்டுக்குத் திரும்பும் பஸ் ஊர்வதுபோல் இருந்தது.

அவள் எனக்கு முன்பே வந்து, சீருடையோடு குசினி மேசையில் இருந்தாள். கோப்பையில் போட்ட சோறு அப்படியே கிடந்தது.

“அம்மா, அந்தப் பின்னக் கணக்கு உங்களுக்கு என்ன வந்தது?”

“உனக்கு என்ன வந்தது, பிள்ளை?”

“x சக மூண்டு.”

வெறும் x+3. மேலே நிற்க வேண்டிய ஒன்றை அவள் விட்டுவிட்டாள்.

“சிநேகிதியள் வேறை என்னவோ சொல்லுகினம். நான் நிண்டு கதைக்காமல் வந்திட்டன். உங்களுக்கும் அதுதானே, அம்மா?”

சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். இரண்டாம் தாள் மிச்சம், வேறு பாடங்களும் மிச்சம். என்னோடு மாரடித்த நேரத்தில் தன் கணக்கைப் பார்த்திருப்பாளே என்று நினைத்தேன். சரியான விடை என் நாக்கு நுனியில் இருந்தது.

“ஓம், எனக்கும் அதுதான். x சக மூண்டு.”

பெருமூச்சு விட்டாள். நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு தண்ணீர் எடுக்க எழுந்தாள். நான் முந்திக்கொண்டு ஓடிப்போய், பிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

“நீ இரு, நான் எடுத்துத் தாறன்.”

முதுகுக்குப் பின்னால் கைவிட்டு அந்தக் கடதாசியை உரித்துக் கசக்கினேன்.

பெறுபேறு வந்தபோது இருவருக்கும் சித்தி. எனக்கு மட்டுமட்டாக. அந்தப் பின்னத்துக்கு x+3 பிழை என்பதை அதற்குள் அவள் அறிந்திருந்தாள்.

“அந்தப் பின்னம் பிழைச்சும் பாஸ் பண்ணீட்டியள், அம்மா!” என்று என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள்.

“ஓம், என்ரை அதிர்ஷ்டம்,” என்றேன்.