இடுப்புமணிச் சத்தம்

உள்ளறையில் கிலுகிலு என்று ஒரு சத்தம். நாலு எட்டு நடை, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு எட்டு.

தன் வீட்டுக் கூடத்தில் எதிரே இருந்த ஆன்ட்வி உரக்கச் செருமினார். சத்தம் நின்றது.

"என்ன சார் அது?" என்றாள் செர்வா.

"என் பொண்டாட்டிதாம்மா. சந்தைக்கு மணி கோத்துக்கிட்டிருக்கா. நீங்க ரிப்போர்ட்டைக் குடுங்க."

கானா நாட்டின் குமாசி நகரில், டயர்க் கடை மாடியில் செர்வாவும் கணவன் போவாடியும் துப்பறியும் நிலையம் நடத்துகிறார்கள். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் பொய்ப் புகார்களை டைப் அடித்தவள் செர்வா, யாரையும் நம்பமாட்டாள். போவாடி தாமதமாக வந்தால் சட்டையை மோந்து பார்ப்பாள். "என்னைப் பிடிக்கவே தனியா ஒரு ஆபீஸ் போடலாம்டி!" என்று சிரிப்பான் அவன். பிள்ளையில்லாத அவள், தொலைந்த குழந்தையைத் தேடும் வழக்கு எதையும் மறுத்ததில்லை.

டுஃபிக்கு மூன்று வயது. தாயில்லாக் குழந்தை. காணாமல் போய் ஒன்பது நாள். தேடச் சொன்னவர் தாய்மாமன் ஆன்ட்விதான். "தாய் வழிதான் குலம், பிள்ளை எங்களோடது. அதான் அப்பன் ஒளிச்சிட்டான்" என்றார். அப்பன் பெயர் ஒக்ரா, லாரி டிரைவர். பூட்டிய வீடு, முன்னுக்குப் பின் முரணான பேச்சு. செர்வா அவனைத்தான் குற்றவாளியாக்கி எழுதியிருந்தாள். அந்தக் காகிதம் கை மாறினால் மாலைக்குள் அவன் லாக்கப்பில்.

நேற்று அவன் அழுதானே! "அக்கா, தேடுற நீங்களே என்னைத் திருடன்னா, என் குழந்தையை யாரு தேடுவா?"

கைப்பையைத் திறந்தவள் தயங்கினாள். தொண்டை வறண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது: இவர் தண்ணீரே தரவில்லை. இந்த ஊரில் எதிரி வந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் வந்த சேதி.

வாசல் கதவு திறந்தது. தலையில் வாழைக்காய்க் கூடையோடு நுழைந்தாள் ஆன்ட்வியின் மனைவி. "வந்தவங்களுக்குத் தண்ணி கூடக் குடுக்காமலா பேசுறீங்க? பானை உள்ளறையிலதானே..." பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்படியானால் உள்ளே மணி கோப்பது யார்?

"நானே மொண்டுக்கிறேன்" என்று எழுந்தாள் செர்வா.

"அம்மா, நில்லுங்க!"

அவள் கதவைத் தள்ளினாள். பானைக்கருகில் பிஸ்கட்டோடு ஒரு குழந்தை. இடுப்பில், ஒக்ரா சொன்ன அடையாளம்: அம்மா கட்டிவிட்ட நீலமணிச் சரம். "அப்பா லாரி வந்துச்சா?" என்று கேட்டது.

ஒன்பது நாள் ஊரையே சந்தேகப்பட்டாள். கூலி கொடுத்தவரை மட்டும் விட்டுவிட்டாள்! அப்பன் உள்ளே போய்விட்டால் பிள்ளையைக் கேட்க ஆளில்லை என்பதுதான் அவர் கணக்கு. செர்வா குழந்தையை வாரி அணைத்து, காகிதத்தைக் கிழித்து எறிந்தாள்.

"அது என் தங்கச்சி ரத்தம்!" என்று கத்தினார் ஆன்ட்வி.

"உரிமையிருந்தா குலத்துப் பெரியவங்க முன்னால கேளுங்க. பெத்த அப்பன் சோறு தின்னு ஒன்பது நாளாச்சு!"

வழி மறிக்க எழுந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள் மனைவி. அழுதபடியே குழந்தையின் காலில் சின்னச் செருப்பை மாட்டினாள். "போயிடுங்க அக்கா. பிள்ளை இன்னும் ஒரு நாள் இங்க இருந்தா என்னால விட முடியாது."

செர்வா படியிறங்கினாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தையின் மணிகள் கிலுகிலுத்தன. பின்னால் கதவு சாத்தப்பட்டது.