மூக்கு மருந்தும் ஆணியில் நின்ற ஆளும்

மூக்கில் அடிக்கும் மருந்து பேயைக் கூட்டி வரும் என்று ஒன்பது வயதில் நான் மனமார நம்பினேன். இன்றைக்கு அதே மாதிரி மருந்தைத்தான் தினமும் காலையில் அடித்துக்கொள்கிறேன் என்பதால் சொல்லக் கொஞ்சம் வெட்கம், ஆனாலும் சொல்கிறேன்.

அதுவரை என் மூக்கு முகத்துக்கு ஓர் அலங்காரம், அவ்வளவுதான். எழுந்ததும் வரிசையாகப் பதினைந்து தும்மல், பிறகு நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு மூச்சு. வகுப்பில் என்னை மீன் என்பார்கள். ராயபுரத்து டாக்டர் தூசி அலர்ஜி என்று சொல்லி ஒரு வெள்ளை பாட்டிலை எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்றதும் அம்மா மிரண்டாள். சொற்ப அளவுதான், சொன்னபடி அடித்தால் பயமில்லை, ஆனால் இன்று அடித்தால் நாளைக்கே திறக்காது, விடாமல் அடிக்க வேண்டும் என்றார். குனிந்து, வலது கையால் இடது துளையில், இடது கையால் வலது துளையில்.

பத்தாம் நாள் சாயங்காலம் அது வந்தது.

திருவொற்றியூரில் எங்கள் சந்தில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டு வாசலுக்கு ஓடினேன். அவருக்கு முன்னால் ஒரு நாற்றம் உள்ளே நுழைந்தது. அழுகிய முட்டையும் கரிந்த கம்பியும் கலந்த மாதிரி. அப்பா சட்டையை ஆணியில் மாட்டி, குளித்து, சோப்பு மணக்க என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார். நாற்றம் அவரிடம் இல்லை. எதிர்ச் சுவரில், சட்டை இருந்த இடத்தில், அவருடைய உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஃபேன் காற்றில் ஒரு கை மெல்ல எழுந்து தாழ்ந்தது.

என்ன நாற்றம் என்று கேட்டேன். இருவரும் மோந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லையே என்றார்கள். பேயாக இருக்குமோ என்றதற்கு அம்மா, "பேய்க்கு வேற வூடா கெடைக்கல? இங்க நமக்கே நிக்க எடம் இல்ல" என்றாள்.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். யாருக்கும் தெரியாதது எனக்கு மட்டும் தெரிந்தால் என்ன அர்த்தம்? அப்பாவைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறது. சட்டைப் பையில் வேப்பிலை வைத்தேன். "எனுக்கு இன்னா அம்மையா வாத்துகீது?" என்று அப்பா எடுத்துப் போட்டார். ஆணிக்குக் கீழே துடைப்பத்தைச் சாத்தினேன். அம்மா அதாலேயே ஒன்று வைத்தாள்.

அப்புறம்தான் பொறி தட்டியது. மருந்துக்குப் பிறகுதானே அது வந்தது? மறுநாள் முதல் மருந்தைத் துவைக்கும் கல்லில் அடித்துவிட்டு, அம்மாவிடம் மூக்கை உறிஞ்சிக் காட்டினேன். ஒரு வாரத்தில் தும்மல் திரும்பியது. நாற்றம் நாளுக்கு நாள் மெலிந்து, ஒரு சாயங்காலம் அப்பா மட்டும் தனியாக வந்தார். ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

"இன்னாடா, இன்னாத்த ஒடச்ச?" என்றார்.

மருந்து கேட்கவில்லை என்று டாக்டரிடம் அம்மா புலம்பினாள். ஓர் உயிரைக் காப்பாற்றிய கம்பீரத்தோடு நான் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். அப்பாவுக்கு மணலிப் பக்கம் ஓர் ஆலையில் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவும் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த நாற்றம் அவரோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது; அவருக்கும் அம்மாவுக்கும் அது பழகிப்போயிருந்தது. மருந்து என் மூக்கைத் திறந்தது, நான் மூடிக்கொண்டேன். அதற்கப்புறமும் பதினொரு வருடம் அப்பா அதே ஆணியில்தான் சட்டையை மாட்டினார்.