நாளைக்கு வாம்மா

எங்கள் வீட்டில் யார் நாற்காலியிலிருந்து எழுந்தாலும் சித்தியின் கை அவர்கள் முழங்கைக்கு அடியில் போய்விடும். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் வந்த பழக்கம். தனக்கு இன்னும் அந்த வயசாகவில்லை என்று அம்மா சிடுசிடுப்பாள். சித்தி அசடு வழிவாள்.

அங்கே அவளுக்குப் பிடித்தவர் ஒரு தையல்காரர். வாய்த்துடுக்கு அதிகம். சித்தியின் ரவிக்கையைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு தைத்தவன் யார் என்று கேட்பார். அவருடைய மகளுக்கு மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. படியேற முடிந்தால் போதும், அப்பாவை அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அவரும் தினமும் வராந்தாவில் நடந்து பழகினார்.

அப்போதுதான் குளியலறையில் விழுந்தார். சித்தி துண்டெடுக்கத் திரும்பிய நேரம். எலும்பு முறியவில்லை. உடனே பயிற்சியைத் தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் கால் விழுந்துவிடும் என்றார் டாக்டர். பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வந்தாள். முதல் நாள் எழுப்பி நிறுத்தியதுமே தையல்காரர் வலியில் முனகினார். சித்திக்குப் பொறுக்கவில்லை. மறுபடி விழுந்துவிட்டால் என்ற பயம் வேறு. மறுநாள் அந்தப் பெண்ணை வாசலிலேயே மறித்தாள்.

"இப்பதான் கண்ணசந்தாரு. நாளைக்கு வாம்மா."

"இப்படியே படுத்திருந்தா எழுந்திருக்கவே மாட்டாருக்கா."

"வயசானவரப் போட்டு ஏன் பாடாப் படுத்தற? தெம்பு வரட்டும்."

அந்த 'நாளைக்கு' தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சித்தி படுக்கையிலேயே ஊட்டினாள், தலை வாரினாள், கால் பிடித்துவிட்டாள். பல வாரம் கழித்து மகள் வந்து, அப்பா நடக்கிறாரா என்று கேட்டபோதுதான் அவரை மறுபடி நிற்க வைத்தார்கள். இரண்டு பேர் தாங்கியும் முழங்கால் மடிந்து போனது. இனி சக்கர நாற்காலிதான் என்றார்கள்.

மகள் அழுதாள். தையல்காரரோ அவளைத் தேற்றினார்.

"வயசாச்சு, கால் போச்சு. அதுக்கென்ன பண்றது? இந்தப் பொண்ணு இல்லேன்னா நான் என்னிக்கோ போய்ச் சேந்திருப்பேன். பெத்தவ மாதிரி பாத்துக்கிட்டா."

சித்தி கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். பிறகு அடுத்த வாயை ஊட்டினாள்.

முதுகுவலி என்று பிறகு வேலையை விட்டுவிட்டாள். அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. ஒருமுறை நான், பயிற்சிக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியதை அவரிடம் போய்ச் சொல்லிவிடேன் என்றேன்.

"சொன்னா எனக்கு பாரம் எறங்கும். அவருக்கு?"

பிழை செய்தது பயமா, பாசமா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தையல்காரர் அதே அறையில்தான் இருக்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சித்தியைப் புகழ்கிறாராம். அவள் இன்னும் போய்ச் சொல்லவில்லை.